வாசகர் கேள்வி – பதில்: தானே உருவாகும் கூண்டும் அதனுள் தங்கும் விருந்தினரும்

காற்றுப் பட்டால் தீப்பற்றும் வெண்பாஸ்பரஸை ஒரு மூலக்கூற்றுக் கூண்டுக்குள் வைத்துப் பாதுகாக்க முடியும் என்று சென்ற இதழின் அறிவியல் துணுக்குகளில் நான்கே வரிகளில் எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை வந்து சேர்ந்த கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் மீமூலக்கூறு வேதியியலுக்கு, அதாவது மூலக்கூறுகள் தமக்குள் வலுவான சகப்பிணைப்பு இல்லாமலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதத்தை ஆராயும் துறைக்கு, ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கூண்டு ‘தானே உருவாகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். சிதறிக் கிடக்கும் துண்டுகள் யாரும் கைவைக்காமல் எப்படிச் சரியான இடத்தில் போய்ச் சேரும்? குடுவையில் கலந்தால் கூழாகத்தானே வர வேண்டும்?

பெரும்பாலான கலவைகளில் தாங்கள் சொல்வதுதான் நடக்கிறது. கூண்டு கிடைக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். துண்டுகள் எந்தத் திசையில் கைநீட்டும் என்பது முன்கூட்டியே உறுதியாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. அவை கோத்த கையை விடுவித்து மீண்டும் கோக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

பல்லேடியம் அயனியை எடுத்துக்கொள்வோம். இரண்டு நேர்மின்சுமை கொண்ட இந்த அயனி நான்கு பிணைப்புகளை ஒரே தளத்தில், அடுத்தடுத்தவை செங்கோணத்தில் அமையும்படி ஏற்கும். அவற்றில் அருகருகே உள்ள இரண்டை எத்திலீன்டையமீன் என்ற சிறு மூலக்கூறால் அடைத்துவிட்டால், எஞ்சிய இரண்டும் ஒரு சதுரத்தின் மூலைபோல நிற்கும். ஜப்பானிய வேதியியலாளர் மக்கோத்தோ ஃபுஜிதா 1990இல் இந்த மூலையுடன், இரு முனையிலும் நைட்ரஜன் கொண்ட நேரான பைபிரிடின் ஈனியைக் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஈனி எனப்படும்) கலந்தபோது, நான்கு மூலையும் நான்கு பக்கமும் கொண்ட மூலக்கூற்றுச் சதுரம் கிடைத்தது. 1995இல் அவருடைய குழு நேரான ஈனிக்குப் பதிலாக, மூன்று பிரிடின் வளையங்களை ஏந்திய முக்கோணத் தட்டு ஒன்றைப் பயன்படுத்தியது. ஆறு பல்லேடியம் மூலைகளும் நான்கு தட்டுகளும், ஆகப் பத்துத் துண்டுகள், ஓர் எண்முகியாகக் கூடின. எண்முகியின் எட்டு முகங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கைத் தட்டுகள் மூடிக்கொள்ள, மற்ற நான்கும் சன்னல்களாகத் திறந்திருக்கின்றன. முழுக் கூண்டின் குறுக்களவு ஏறத்தாழ 2 நானோமீட்டர்.

இந்தக் கூண்டு உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த முக்கோண ஈனி தண்ணீரில் கரையாத பொடி. பல்லேடியம் உப்பின் நீர்க்கரைசலில் அதைப் போட்டால் முதலில் கலங்கலாகவே நிற்கும். சூடாக்கிக் கலக்கக் கலக்கக் கலங்கல் தெளிந்து, கடைசியில் பொடியே காணாமல் போய்விடும். பொடியின் ஒவ்வொரு மூலக்கூறும், மொத்தம் +12 மின்சுமை தாங்கி நீரில் நன்கு கரையும் கூண்டின் சுவராக மாறிவிட்டதே இதற்குக் காரணம்.

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். பல்லேடியத்துக்கும் பிரிடினுக்கும் இடையிலான பிணைப்பு, நிற்கும் அளவுக்கு வலுவானது, ஆனால் அவ்வப்போது கழன்று மீண்டும் சேரும் அளவுக்குத் தளர்வானது. தவறான இடத்தில் ஒட்டிய துண்டு அங்கேயே உறைந்துவிடாமல் கழன்று வேறிடம் தேடுகிறது. எல்லாப் பிணைப்புகளும் நிறைவேறி, தொங்கும் முனை ஒன்றுகூட இல்லாமல் மூடிக்கொண்ட அமைப்பில் போய்ச் சேர்ந்த பிறகே அந்தத் தேடல் அடங்குகிறது. முடிவற்ற சங்கிலியாக நீண்டாலும் பிணைப்புகள் ஏறத்தாழ நிறைவேறும் என்பது உண்மைதான். ஆனால் அதே துண்டுகளிலிருந்து ஒரு சில பெரிய சங்கிலிகள் உருவாவதைவிடப் பல சிறிய கூண்டுகள் உருவாகும்போது தனித்து உலவும் பொருள்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆகவே என்ட்ரோபி, அதாவது துகள்கள் தாறுமாறாகப் பரவி நிற்கும் வாய்ப்பின் அளவு, சிறிய மூடிய அமைப்பின் பக்கம் நிற்கிறது. பல்லேடியத்தின் இடத்தில் அதே வடிவியல் கொண்ட பிளாட்டினத்தை வைத்தால் பிணைப்புகள் எளிதில் கழலாததால், தவறுகள் திருந்த நீண்ட நேரம் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பலனும் உண்டு: உருவான பிளாட்டினக் கூண்டு பல்லேடியக் கூண்டைவிட உறுதியாக நிற்கும்.

உலோகம் இல்லாமலும் கூண்டு எழும். ஜூலியஸ் ரெபெக் 1993இல் இரண்டு வளைந்த மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டுமே இணைந்து பந்தாவதைக் காட்டினார். 1997இல் மெக்கில்லிவ்ரேயும் ஆட்வுட்டும் விவரித்த கூண்டில் ஆறு ரெசார்சினரீன் கிண்ணங்களும் எட்டு நீர் மூலக்கூறுகளும் 60 ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோக்கப்பட்டிருந்தன. ‘தானே’ என்ற சொல் இந்தத் துறையில் சற்று தாராளமாகவே பயன்படுகிறது என்பது என் கருத்து. ஈனியின் வளைவுக் கோணம் சில பாகை மாறினாலே 12 உலோகமும் 24 ஈனியும் கொண்ட கோளம் 24 உலோகமும் 48 ஈனியும் கொண்ட கோளமாகத் தாவிவிடுகிறது என்று ஃபுஜிதாவின் குழு 2010இல் காட்டியது. அந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேதியியலாளரின் உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது.

கேள்வி: எல்லாப் பக்கமும் மூடிய கூண்டென்றால் விருந்தினர் எந்த வழியாக நுழையும்? நுழைந்தது வெளியே வருமா?

கூண்டுக்குள் தங்கும் மூலக்கூறைத்தான் விருந்தினர் என்கிறோம். அது உண்மையிலேயே வெளியேற முடியாத கூண்டுகளும் இருக்கின்றன. டொனால்ட் கிராம் 1985இல் உருவாக்கிய கார்செரண்டுகள் அத்தகையவை: இரண்டு கிண்ணங்களைச் சகப்பிணைப்புகளால் விளிம்போடு விளிம்பு இணைத்தபோது, அந்த வேளையில் உள்ளே இருந்த கரைப்பான் மூலக்கூறு நிரந்தரக் கைதியாயிற்று; சுவரை உடைக்காமல் அதை எடுக்க இயலாது. பிறகு அவர் செய்த அரைக் கார்செரண்டுகளில் சற்றே பெரிய சன்னல்கள் இருந்தன. சூடாக்கினால் விருந்தினர் நெருக்கிக்கொண்டு வெளியேறும், ஆறினால் தங்கிவிடும். கிராம், பெடர்சன், லேன் ஆகிய மூவருக்கும் 1987இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இத்தகைய பணிகளுக்காகத்தான்.

துண்டுகள் தாமே கூடும் தற்சேர்க்கையால் உருவாகும் கூண்டுகளில் நிலைமை வேறு. அங்கே விருந்தினர் உள்ளே இருப்பது ஒரு சமநிலை. சில கூண்டுகளில் சன்னல் வழியாகவே போக்குவரத்து நடக்கும். சில கூண்டுகளில் சுவர்கள் சற்று விரிந்து வழிவிடும். வேறு சிலவற்றில் ஓர் உலோகப் பிணைப்போ சில ஹைட்ரஜன் பிணைப்புகளோ கணப்பொழுது கழன்று வாயில் உண்டாகி உடனே அடைபடும். ஒரு விருந்தினர் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே தங்கும் என்பது கூண்டைப் பொறுத்து நொடியின் மிகச் சிறு பகுதியிலிருந்து பல நாட்கள் வரை மாறுபடும். இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நுழையவும் வெளியேறவும் ஆகும் நேரம் வேறு, உள்ளே இருப்பதற்கான விருப்பம் வேறு. சன்னல் சிறியதாக இருந்தால் போக்குவரத்து மெதுவாகும். ஆனால் கடைசியில் எத்தனை கூண்டுகள் நிரம்பியிருக்கும் என்பதைச் சன்னல் தீர்மானிப்பதில்லை, அதைத் தீர்மானிப்பது, உள்ளே தங்குவதற்கும் வெளியே நிற்பதற்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் சமநிலை மாறிலிதான்.

கேள்வி: அப்படியானால் விருந்தினரை உள்ளே இழுப்பது எது? சுவர்கள் கவர்கின்றனவா?

சுவர்களின் கவர்ச்சிக்குப் பங்கு உண்டு. பென்சீன் போன்ற தட்டையான நறுமண வளையங்களால் ஆன சுவரில் அதே போன்ற தட்டையான விருந்தினர் ஒட்டி நிற்பதும், எதிர்மின்சுமை கொண்ட கூண்டு நேர்மின்சுமை கொண்ட அயனிகளை ஈர்ப்பதும் இதில் அடங்கும். ஆனால் நீரில் நடக்கும் சிறைபிடிப்புகளில் முக்கியமான வேலையைப் பெரும்பாலும் நீரே செய்கிறது.

காலியான கூண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்வது உண்மையில் காலியாக இருப்பதில்லை. அதனுள் சில நீர் மூலக்கூறுகள் இருக்கும். திறந்த நீரில் ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றியுள்ளவற்றுடன் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரை அமைத்துக்கொள்ளும். நீரை வெறுக்கும் சுவர்களுக்கு நடுவே சிக்கிய மூலக்கூறுக்கு அத்தனை துணை கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், வெளியே நிற்கும் எண்ணெய்த் தன்மையுள்ள விருந்தினரைச் சுற்றியும் நீர் தன் பிணைப்புகளை ஒழுங்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விருந்தினர் உள்ளே போனால் இரண்டு இடத்து நீரும் ஒரே நேரத்தில் விடுதலை பெற்றுத் திறந்த நீருக்குத் திரும்புகிறது. ஒரு மூலக்கூறு உள்ளே அடைபட, பல மூலக்கூறுகள் விடுபடுகின்றன. இந்த விடுதலையின் ஆதாயம் சில கூண்டுகளில் ஆற்றலாகவும் சிலவற்றில் என்ட்ரோபியாகவும் வெளிப்படுகிறது. கென்னத் ரேமண்டின் கேலியம் கூண்டு நான்கு உலோகங்களும் ஆறு ஈனிகளும் கொண்ட, −12 மின்சுமை தாங்கும் நான்முகி. அதனுள் நேர்மின் அயனிகள் நுழைவதற்கு மின்கவர்ச்சிதான் காரணம் என்று நாம் ஊகிக்கத் தோன்றும். அளந்து பார்த்தபோது, உட்புகுதலைச் செலுத்துவதில் நீர் விடுபடுவதால் வரும் என்ட்ரோபிக்குப் பெரும் பங்கு இருப்பது தெரிந்தது.

நீர் இல்லாத கரிமக் கரைப்பானில் விருந்தினருக்குக் கரைப்பானே போட்டியாளர். எண்ணிக்கையில் பல்லாயிரம் மடங்கு மிகுந்த போட்டியாளரை வெல்வது கடினம். ரெபெக்கின் ஆய்வகம் இதற்கு எளிய உபாயம் ஒன்றைக் கையாண்டது: கூண்டுக்குள் நன்றாகப் பொருந்தாத அளவுக்குப் பருத்த மெசிட்டிலீன் போன்ற கரைப்பானைத் தேர்ந்தெடுத்தது.

அளவு பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாமல் நிரப்பும் விருந்தினர்தான் மிக நன்றாகத் தங்கும் என்று தோன்றும், அது தவறு. மெக்கோட்சியும் ரெபெக்கும் 1998இல் பல கூண்டுகளை ஒப்பிட்டு, உள்வெளியின் கனஅளவில் ஏறத்தாழ 55 விழுக்காட்டை நிரப்பும் விருந்தினரே சிறப்பாகப் பிணைகிறது என்று கண்டார்கள். சாதாரண நீர்மங்களில் மூலக்கூறுகள் இடத்தை நிரப்பும் அளவும் ஏறக்குறைய இதுவே. அதற்கு மேல் நெருக்கினால் விருந்தினர் புரளவும் அதிரவும் இடமின்றி என்ட்ரோபியை இழக்கிறது. மிகவும் குறைந்தால் சுவரைத் தொட்டு நிற்கும் ஆதாயம் போய்விடுகிறது. விருந்தினருக்கும் சுவருக்கும், அல்லது விருந்தினர் இருவருக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் 70 விழுக்காடு வரைகூட நிரம்பும். இந்த 55ஐ மாறாத விதியாக மனப்பாடம் செய்துகொள்ளும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அகன்ற சன்னல்களும் நெகிழும் சுவர்களும் கொண்ட கூண்டில் ‘உள்வெளியின் கனஅளவு’ எது என்பதே தெளிவில்லாதபோது, விழுக்காட்டை மட்டும் நம்பிக் கணிப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றின் உள்ளே இருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நியாயமான ஐயம். முதன்மையான சாட்சி அணுக்கரு காந்த ஒத்ததிர்வு எனப்படும் என்.எம்.ஆர். நிறமாலை. கூண்டின் சுவர்கள் நறுமண வளையங்களால் ஆனவை என்றால், காந்தப்புலத்தில் வைக்கும்போது அந்த வளையங்களில் எலக்ட்ரான்கள் சுற்றி ஒரு சிறு எதிர்ப்புலத்தை உண்டாக்கும். வளையங்களுக்கு நடுவே நிற்கும் விருந்தினரின் ஹைட்ரஜன்கள் இதை உணர்கின்றன. வெளியே 2 பி.பி.எம். (நிறமாலையில் சமிக்ஞையின் இடத்தைக் குறிக்கும் அலகு) அருகே தெரியும் சமிக்ஞை, உள்ளே போனதும் வலப்புறம் நகர்ந்து, சில வேளைகளில் சுழியத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் பகுதியில் சாதாரணக் கரிமச் சேர்மங்களின் சமிக்ஞைகள் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் அதைத் தவறவிட வழியில்லை. சமிக்ஞைகளின் பரப்பளவை ஒப்பிட்டால் ஒரு கூண்டுக்கு எத்தனை விருந்தினர் என்ற கணக்கும் கிடைத்துவிடும். ஃபுஜிதாவின் 1995ஆம் ஆண்டுக் கூண்டுக்குள் அடமாண்டேன் கார்பாக்சிலேட் நான்கு மூலக்கூறுகள் வரை அடங்குவது அப்படித்தான் தெரிந்தது. போக்குவரத்து மெதுவாக இருந்தால் உள்ளிருப்பவருக்கும் வெளியிருப்பவருக்கும் தனித்தனிச் சமிக்ஞைகள் வரும். வேகமாக இருந்தால் இரண்டும் கலந்து சராசரியாக ஒன்றே தெரியும்.

ஆனால் சமிக்ஞை நகர்ந்ததை மட்டும் வைத்து ‘உள்ளே’ என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். விருந்தினர் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்தாலும் சிறு நகர்வு தெரியும். ஆகவே கரைசலில் அது எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதையும் அளக்கிறார்கள். சிறு மூலக்கூறாக இருந்தும் பெரிய கூண்டின் மந்தமான வேகத்திலேயே அது நகர்ந்தால், இரண்டும் சேர்ந்தே பயணிக்கின்றன என்று பொருள். நிறை நிறமாலையும் எக்ஸ் கதிர்ப் படிகவியலும் அடுத்த சாட்சிகள். படிகம் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்றும் சொல்ல முடியாது; உள்ளே உருளும் விருந்தினர் படத்தில் தெளிவற்ற எலக்ட்ரான் மேகமாகவே தென்படுவதுண்டு.

கேள்வி: வெண்பாஸ்பரஸையே நுழையவிடும் கூண்டுக்குள் அதைவிடச் சிறிய ஆக்சிஜன் நுழையாதா? நுழைந்தால் பாஸ்பரஸ் ஏன் எரிவதில்லை?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் நுழையும் என்பதுதான் விடை.

ஜோனதன் நிட்ச்கேயின் குழு, கரி ரிசானனுடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கூண்டு நீரிலேயே உருவாக்கப்பட்டது. நான்கு இரும்பு அயனிகள், சல்போனேட் தொகுதிகளைத் தாங்கிய ஆறு டையமீன்கள், பன்னிரண்டு பிரிடின் ஆல்டிஹைடுகள் ஆகிய 22 துண்டுகள் கூடி ஒரு நான்முகி ஆகின்றன. இரும்பு நான்கு மூலைகளிலும், ஆல்டிஹைடும் அமீனும் வினைபுரிந்து உண்டான ஈனிகள் ஆறு விளிம்புகளிலும் அமர்கின்றன. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும் இமீன் பிணைப்பு, இரும்பின் அணைவுப் பிணைப்பு ஆகிய இரண்டுமே திருத்திக்கொள்ளக் கூடியவை என்பதால் ஒரே குடுவையில் இரண்டு கட்டுமானங்களும் ஒரே நேரத்தில் நடந்தேறுகின்றன. வெண்பாஸ்பரஸின் மூலக்கூறும் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு குட்டி நான்முகி. நீரில் கரையாத அது, பெரிய நான்முகியின் நீர்வெறுக்கும் உள்வெளியில் கச்சிதமாக அமர்ந்து, கூண்டோடு சேர்ந்து நீரில் கரைந்தும் விடுகிறது.

வெளிக்காற்றில் பாஸ்பரஸ் எரியும்போது அதன் அணுக்களோடு ஆக்சிஜன் அணுக்கள் சேர்கின்றன. சேரச் சேர மூலக்கூறு பருக்கும். கூண்டுக்குள் இருக்கும் பாஸ்பரஸை ஆக்சிஜன் அணுகலாம், ஆனால் அதனுடன் சேர்ந்தால் உண்டாகும் இடைப்பொருள் அந்த உள்வெளியில் கொள்ளாது. இடுக்கமான அறைக்குள் மடித்த குடையுடன் ஒருவர் நிற்கலாம், குடையை விரிக்கத்தான் முடியாது. ஆக, இந்தக் கூண்டு எதிரியை வெளியே நிறுத்திக் காப்பதில்லை. விருந்தினர் வேறொன்றாக மாறுவதற்குத் தேவையான இடத்தைத் தர மறுப்பதே அதன் பாதுகாப்பு. காற்றுப் புகாத சீசாவும் இந்தக் கூண்டும் ஒன்றல்ல என்று சென்ற இதழிலேயே விளக்கியிருக்கலாம், இடம் போதவில்லை.

எடுப்பதும் எளிது. அதே உள்வெளியை விரும்பும் பென்சீனைச் சேர்த்தால் அது பாஸ்பரஸை வெளியேற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும், கூண்டு குலைவதில்லை. வெளியே வந்த பாஸ்பரஸ் வழக்கம்போல் ஆக்சிஜனுடன் வினைபுரியும்.

இதே தத்துவத்துக்கு இன்னொரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சைக்ளோபியூட்டாடையீன். நான்கு கார்பன்கள் கொண்ட இந்த வளையம், தன் இனத்து மூலக்கூறு இன்னொன்றைச் சந்தித்த உடனே அதனுடன் சேர்ந்துவிடும். ஆகவே மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உறைந்த நிலையில்தான் அதைப் பார்க்க முடிந்தது. கிராமின் குழு 1991இல் ஓர் அரைக் கார்செரண்டுக்குள் ஆல்பா பைரோனை அடைத்து ஒளியைப் பாய்ச்சியது. கார்பன் டையாக்சைடு பிரிந்துபோக, தனித்த சைக்ளோபியூட்டாடையீன் உள்ளே எஞ்சியது. அறை வெப்பநிலையிலேயே அதன் நிறமாலையைப் பதிவுசெய்தார்கள். இங்கே வினைபுரியத் தேவையான இரண்டாவது மூலக்கூறுக்கு உள்ளே இடமில்லை.

கேள்வி: நான் வேதியியல் முதுகலை மாணவி. கூண்டுக்குள் வினைகள் பல மடங்கு வேகமாக நடக்கும், இவை செயற்கை நொதிகள் என்று வகுப்பில் சொன்னார்கள். மாற்றத்துக்கு இடம் தர மறுக்கும் கூண்டு மாற்றத்தை விரைவுபடுத்துவது முரண்பாடாக இல்லையா, ஐயா?

முரண்பாடு இல்லை, அம்மா. வினைபடுபொருளிலிருந்து விளைபொருளுக்குப் போகும் வழியில், ஆற்றல் உச்சத்தில் கணப்பொழுது மட்டும் நிற்கும் ஒரு மாறுநிலையைக் கடக்க வேண்டும். அந்த மாறுநிலையின் வடிவமும் மின்சுமையும் உள்வெளிக்குப் பொருந்தாவிட்டால் வினை தடைபடும். வினைபடுபொருளைவிட நன்றாகப் பொருந்தினால் வினை விரையும். இரண்டும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

பொருத்தம் எப்படி வினையின் போக்கையே மாற்றும் என்பதற்கு ஃபுஜிதாவின் குழு 2006இல் செய்த, இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து புதிய வளையமாகும் டீல்ஸ்–ஆல்டர் வினையைப் பாருங்கள். மூன்று வளையங்கள் வரிசையாக ஒட்டிய ஆந்த்ரசீன், மாலியிமைடுடன் சேரும்போது நடு வளையத்தில்தான் வினைபுரியும். பாடநூலிலும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். எண்முகிக் கூண்டுக்குள் இரண்டையும் ஒன்றாக அடைத்தபோது கடைசி வளையத்தில் வினை நடந்தது. உள்ளே இரண்டு மூலக்கூறுகளும் திரும்ப இடமின்றி நிற்கும் நிலையில், மாலியிமைடின் இரட்டைப் பிணைப்புக்கு எதிரே அமைவது நடு வளையம் அல்ல, ஓர வளையம். இங்கே வேகத்தைவிட, வேறெங்கும் எளிதில் கிடைக்காத விளைபொருள் கிடைத்ததுதான் செய்தி.

மின்சுமையின் பங்குக்கு ரேமண்டும் பெர்க்மனும் 2007இல் காட்டிய சான்று அழகானது. ஆர்த்தோபார்மேட் என்ற வகைச் சேர்மங்கள் அமிலத்தில் நீராற்பகுக்கப்படும். காரத்தில் அசையாமல் இருக்கும். −12 மின்சுமை கொண்ட கேலியம் கூண்டைச் சேர்த்தபோது, காரக் கரைசலிலேயே அமில வினை நடந்தது. எதிர்மின்சுமை நிறைந்த கூண்டு, புரோட்டான் ஏற்று நேர்மின்சுமை பெற்ற விருந்தினரை மிகவும் விரும்புவதால், வெளியே புரோட்டான் மிகவும் அரிதாக இருந்தும் உள்ளே இருக்கும் மூலக்கூறு அதை ஏற்றுக்கொள்கிறது. கூண்டை விரும்பிப் புகும் டெட்ராஎத்தில் அம்மோனியம் அயனியைச் சேர்த்தால் உள்வெளி அடைபட்டு வினை நின்றுவிடும். வினை உள்ளேதான் நடக்கிறது என்பதற்கு அதுவே சோதனை.

ஆனால் ‘செயற்கை நொதி’ என்ற பட்டத்தைத் தருமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விளைபொருள் வெளியேறுகிறதா? இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகச் சேரும் வினைகளில் இதுவே பெரும் இடையூறு. உள்ளே இருந்த இரண்டு ஒன்றானபின், அந்த ஒன்றை வெளியேற்ற இரண்டு புதிய மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும். என்ட்ரோபிக் கணக்கில் விளைபொருளுக்கே சாதகம். கூண்டு நிரம்பிப் போய், ஒரு சுற்றோடு வேலை முடிந்துவிடும். அந்நிலையில் கூண்டை வினையூக்கி என்று சொல்வது பொருந்தாது. வினைபடுபொருளின் அளவுக்கே அதுவும் தேவைப்படும். ரேமண்டும் பெர்க்மனும் 2010இல் நாசரோவ் வளையமாக்கல் வினையைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் விரைவுபடுத்தியபோதும், உருவான பென்டாமெத்தில் சைக்ளோபென்டாடையீன் உள்வெளியை விட்டுக் கிளம்ப மறுத்தது. கலவையில் மாலியிமைடைச் சேர்த்து, வெளியே எட்டிப்பார்க்கும் விளைபொருளை உடனுக்குடன் டீல்ஸ்–ஆல்டர் வினையால் மாற்றிவிட்டார்கள். அப்படி மாறிய பொருள் கூண்டுக்குள் திரும்பாது.

மைக்கேல் வார்டின் குழு 2016இல் வெளியிட்ட கெம்ப் நீக்கல் வினையில் இத்தகைய வெளியுதவி தேவைப்படவில்லை. எட்டு கோபால்ட்டும் பன்னிரண்டு ஈனிகளும் கொண்ட கனசதுரக் கூண்டின் +16 மின்சுமை, ஹைட்ராக்சைடு அயனிகளைத் தன்னைச் சுற்றிக் குவித்துக்கொள்கிறது. நீர்வெறுக்கும் பென்சைசாக்சசோல் உள்ளே போய் அமர்கிறது. வினை ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு விரைகிறது. விளைபொருள் எதிர்மின்சுமை கொண்ட, நீரை விரும்பும் அயனி என்பதால் தானாகவே வெளியே போய்விடுகிறது. கூண்டும் நூறு சுற்றுக்குக் குறையாமல் உழைக்கிறது. வேக மடங்கைப் பெரிய எண்ணில் அச்சிடும் ஆய்வுகளைவிடச் சுற்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் ஆய்வுகளை நான் கூடுதலாக மதிக்கிறேன். தாங்களும் கட்டுரைகளைப் படிக்கும்போது அந்த எண்ணை முதலில் தேடுங்கள்.

கேள்வி: 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றதும் இந்தக் கூண்டுகள்தானா?

உறவு உண்டு, ஒன்றல்ல. சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகியோர் பரிசு பெற்றது உலோக–கரிமச் சட்டகங்களுக்காக. அங்கும் உலோகமும் ஈனியும்தான்; ஆனால் அவை மூடிக்கொள்ளாமல் எல்லாத் திசைகளிலும் படிகமாக நீள்கின்றன. சட்டகம் கரையாத திண்மம், வாயுக்களைச் சேமிக்கவும் பிரிக்கவும் ஏற்றது. நாம் பேசும் கூண்டு தனித்த மூலக்கூறு. கரைசலில் உலவும், ஒவ்வொன்றின் உள்வெளியையும் என்.எம்.ஆர். கொண்டு விசாரிக்கலாம்.

கேள்வி: மருத்துவத்தில் இது பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா?

விருந்தினரை உள்வெளியில் சிறைபிடிக்கும் தத்துவம் வந்துவிட்டது. தானே கூடும் உலோகக் கூண்டுகள் இன்னும் ஆய்வக நிலையில்தான் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோக்குரோனியம் என்ற மருந்தின் விளைவை நீக்க சுகமடெக்ஸ் பயன்படுகிறது. எட்டு குளுக்கோஸ் அலகுகளால் ஆன காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்தை மாற்றியமைத்துச் செய்த மூலக்கூறு அது. இரத்தத்தில் உள்ள ரோக்குரோனியத்தைத் தன் குழிவுக்குள் ஏற்று, தசை ஏற்பிகளிலிருந்து விலக்கிவிடுகிறது. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. வளையம் சகப்பிணைப்பால் ஆனது, ஆகவே இரத்தத்தில் எவ்வளவு நீர்த்தாலும் குலையாது. தானே கூடிய கூண்டுக்கு அந்த உறுதி இல்லை. நீர்த்துப்போனாலோ, உலோகத்தைப் பறித்துக்கொள்ளும் புரதங்களையும் அமினோ அமிலங்களையும் சந்தித்தாலோ துண்டுகள் பிரிந்துவிடக் கூடும்; பிரிந்தால் பல்லேடியம் போன்ற உலோகம் உடலில் என்ன செய்யும் என்ற கவலையும் சேரும். கூண்டு உருவாவதற்கு உதவிய அதே தளர்வுதான் இங்கே இடையூறாகிறது.

கேள்வி: உள்ளே போன மூலக்கூறு அசையாமல் நிற்குமா?

நிற்காது, எவ்வளவு அசையலாம் என்பதைச் சுவர்கள் தீர்மானிக்கும். ரெபெக்கின் உருளை வடிவக் கூண்டில் பென்சீனும் பாரா சைலீனும் சேர்ந்து ஒரே கூண்டில் அமர்வதையே விரும்புகின்றன. அங்கே ஒவ்வொன்றும் தன் இடத்தில் சுழலலாம், ஆனால் ஒன்றையொன்று தாண்டி இடம் மாற முடியாது. நீளமான விருந்தினர் உருளையின் அச்சைச் சுற்றிச் சுழலும். தலைகீழாகப் புரள இடம் போதாது. பத்து கார்பன் கொண்ட டெக்கேன் அதனுள் நீட்டி நிமிர்ந்தே இருக்கும். பதினான்கு கார்பன் கொண்ட டெட்ராடெக்கேன் நீட்டினால் உருளையைவிட நீளம். அது வெளியிலேயே நின்றுவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அது திருகுச்சுருளாகச் சுருண்டு, தன் நீளத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.